சுரண்டுவதற்கு நாற்பதாயிரம்

சாரம்,
3.11.2025

கவி அப்பாவுக்கு,

தாளின் தலையில் வழக்கம்போல் சிலுவை போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து நான் சாந்தமாகிவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று கல்லறைத் திருநாள். உங்கள் அம்மாவின் கல்லறைக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் மெழுகுவத்தி ஏற்றினீர்கள், இந்தப் பக்கம் நின்று நான் சாமந்தி வைத்தேன். இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் இடத்தில், பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் காதிலும் விழும்படி, "கையெழுத்து போடறியா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்று கேட்டீர்கள். மாமியார் இருந்திருந்தால் உங்களுக்குத்தான் திட்டு விழுந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை நான் ரோசா அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து ஐந்து முறை போன் செய்தீர்கள். ஐந்து முறையும் நீங்கள் கத்தினீர்கள், நான் வைத்தேன். ஆறாவது முறை கிடையாது. போனை எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியதை எழுதித் தபாலில் போடுங்கள். கவிநிலாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது நம் பங்குக் கோயிலில் தம்பதியர் தியானத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கோபம் வந்தால் பேசாதீர்கள், எழுதுங்கள் என்று ஃபாதர் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். மூன்று நாள் எழுதினோம். நாலாம் நாள் அந்த நோட்டில் கவி யானை வரைந்துவிட்டாள். விட்டதை இப்போது தொடருவோம். கருவடிக்குப்பத்துக்கும் சாரத்துக்கும் ஸ்கூட்டரில் பத்து நிமிடம், தபாலில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் நம் இருவருக்கும் கொஞ்சம் புத்தி வரட்டும்.

என் மனக்குறையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சுக்கே போய்விட்ட ஒரு குடும்பத்தின் கொட்டகையிலிருந்து 1953ஆம் வருட பெழோ கம்பெனிக் காமியோனெத் ஒன்றை, பின்னால் சாமான் ஏற்றும் அந்தச் சின்ன லாரியை, ஒன்றரை லட்சத்துக்கு வாங்கினீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? சீட்டு ஆடாத, குடிக்காத மனுஷனுக்கு ஓர் ஆசை என்று விட்டுவிட்டேன். பிறகு அதை ஈ.சி.ஆர். ரோட்டில் செம்மலின் பட்டறையில் விட்டீர்கள். பி.எஃப். பணத்தில் நாலு லட்சம் போயிற்று. இப்போது மொத்தம் பதினைந்து லட்சம் என்கிறார் செம்மல். மீதி பதினொன்றுக்கு நம் வீட்டை அடமானம் வைக்க வேண்டும், வீடு இருவர் பேரிலும் இருப்பதால் சம்மதப் பத்திரத்தில் என் கையெழுத்து வேண்டும்.

எஸ்டிமேட்டை முழுதும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் 'பழமைத் தோற்றம், ரூ. 40,000' என்று இருந்தது. இது என்னவென்று செம்மலுக்கே போன் போட்டுக் கேட்டேன். "இருக்கற துரு, பெயின்ட் எல்லாத்தையும் எடுத்துட்டு புதுசா அடிப்போம்கா. அப்பறம் அங்கங்க சுரண்டி, எழுவது வருஷம் வெயில்ல கெடந்த மாதிரி பண்ணுவோம்" என்றார். எழுபது வருடம் வெயிலில் கிடந்த வண்டியைப் புதிதாக்கி, எழுபது வருடம் வெயிலில் கிடந்தது போல் ஆக்குவதற்கு நாற்பதாயிரம். அந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்று கோபம் வந்தது.

பதில் எழுதுங்கள். கத்தாமல் எழுதுங்கள்.

லினெட்

பி.கு.: கிறிஸ்துமஸ் விவிக்கம் கேக்குக்கு ரம்மில் ஊறப் போட்ட பழ ஜாடி அங்கேதான் இருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை குலுக்கி வையுங்கள். முப்பத்திரண்டு ஆர்டர் வாங்கியிருக்கிறேன். உங்கள்மேல் உள்ள கோபம் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.


கருவடிக்குப்பம்,
6.11.2025

அன்பு லினெட்,

பார்வை: தங்களின் 3.11.2025 தேதியிட்ட கடிதம்.

சிரிக்காதே. மின்துறையில் இருபத்தாறு வருடமாக இப்படித்தான் எழுதி வருகிறேன், வேறு மாதிரி தொடங்கக் கை வரவில்லை. கல்லறையில் கேட்டது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கெல்லாம் கேட்க மாட்டேன்.

என் தரப்பை நீ ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. போனில் நான் கத்துவதாகச் சொல்கிறாய், நீ வைத்துவிடுவாய் என்ற அவசரத்தில்தான் சத்தம் கூடுகிறது. இந்தக் காமியோனெத் மாதிரி இந்த ஊரில் இப்போது இன்னொரு வண்டி கிடையாது. அதன் கதவைத் திறந்து மூடினால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும், நம் அலமாரிக்குக்கூட அந்தச் சத்தம் வராது. செம்மல் செய்யப் போவது வெறும் ரிப்பேர் அல்ல. பழைய உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே உள்ள இரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டு, இப்போதைய பிக்கப் வண்டி ஒன்றின் சட்டத்தையும் இன்ஜினையும் பொருத்துவார். பவர் ஸ்டியரிங், ஏ.சி., டிஸ்க் பிரேக் எல்லாம் வந்துவிடும். வெளியே பார்த்தால் தாத்தா, உள்ளே பார்த்தால் பேரன். வெளிநாட்டில் இப்படிக் கட்டிய வண்டிகள் கோடிக்கணக்கில் விற்கின்றன. நான் சொல்லவில்லை, வீடியோவில் காட்டுகிறார்கள்.

பணம் திரும்பி வராதே என்கிறாய். கடற்கரைப் பக்கம் கல்யாண போட்டோ எடுக்க வருகிறவர்கள், பழைய வண்டி ஒன்றின் முன்னால் நிற்க ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம் தருவதாகச் செம்மல் சொல்கிறார். மாதம் நாலு கல்யாணம் என்றால் தவணை அதிலேயே கட்டிவிடலாம். வண்டியை விற்றால் முப்பது லட்சம் போகும். நீ எஸ்டிமேட்டின் மூன்றாம் பக்கத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அந்தச் சுரண்டல் ஒரு கலை. உனக்குப் புரியாது.

ஜாடியைக் குலுக்கினேன். நேற்று கொஞ்சம் பலமாகக் குலுக்கிவிட்டேன், மூடி வழியாகக் கசிந்து மேசை முழுக்க ரம் வாசனை. பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, பெண்டாட்டி இல்லாத வீட்டில் இவன் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லியிருப்பார்.

அருள்பிரகாஷ்


சாரம்,
10.11.2025

கவி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ரோசா அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். 'பார்வை' வரைக்கும் வந்ததும் அக்கா சிரித்த சிரிப்பில் வடைச் சட்டியில் எண்ணெய் புகைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டதை ஏற்றுக்கொண்டேன்.

மீதியை ஏற்கவில்லை. செம்மல் சொல்கிறார், வீடியோ காட்டுகிறது. நீங்கள் யாரிடமாவது நேரில் போய்க் கேட்டீர்களா? ஒரு மின்கம்பம் சாய்ந்திருக்கிறது என்று யாராவது போனில் சொன்னால், நேரில் போய்ப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுத மாட்டீர்கள். மழையில் நனைந்துகொண்டு போய்ப் பார்ப்பீர்கள். வீட்டை அடமானம் வைக்கும்போது மட்டும் அந்த மனுஷன் எங்கே போனார்?

எனவே ஒன்று கேட்கிறேன். செம்மல் கட்டிக் கொடுத்த வண்டி ஒன்றை வைத்திருக்கும் ஆளைத் தேடிப் போங்கள். செலவு செய்த பணத்துக்கு அந்த வண்டி தகுமா என்று அவர் வாயால் கேளுங்கள். போட்ட பணத்தில் பாதியாவது அவருக்குத் திரும்ப வந்திருந்தால் நான் யோசிக்கிறேன்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் அப்பா கொடுத்த இடத்தில், உங்கள் சம்பளத்தில், ஒவ்வொரு அறையாக ஏழு வருடம் கட்டினோம். கழிவறைக்குக் கதவு வைக்கும் முன்பே குடிபோனோம், ஆறு மாதம் துணிதான் கதவு. அந்த வீட்டை இழந்தால் இந்த வயதில் இன்னொன்று கட்ட நம்மால் முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் மாதிரி தெரிகிறது, ஆனால் பயம்தான்.

லினெட்


கருவடிக்குப்பம்,
17.11.2025

அன்பு லினெட்,

போனேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நேராகப் பேருந்து ஏறி, விழுப்புரம் ரோட்டில் கண்டமங்கலம் தாண்டி கொளஞ்சி என்பவர் வீட்டுக்குப் போனேன். செங்கல் சூளை வைத்திருக்கிறார், அறுபது வயது இருக்கும். மூக்கு நீண்ட அந்தக் காலத்து லாரி ஒன்றைச் செம்மலிடம் கொடுத்து, இருபத்திரண்டு லட்சத்தில் கட்டியிருக்கிறார். கேட்டதும் சந்தோஷமாகக் கொட்டகையைத் திறந்தார்.

லினெட், அந்த வண்டியை நீ பார்க்க வேண்டும். மாதுளை முத்து நிறம். உள்ளே தோல் சீட்டு, சென்னையிலிருந்து ஆள் வந்து தைத்ததாம். ஸ்டியரிங் மட்டும் எழுபதாயிரம். அவர் சாவியைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டார். அந்த உறுமலில் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டு, மஞ்சள் துணியால் இன்ஜின் மூடிமேல் படிந்த தூசியைத் துடைத்தார். ஒரு சுற்றுப் போய் வரலாமா என்று கேட்டேன். வெயில் ஏறிவிட்டது என்றார்.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். விற்கப் பார்த்தீர்களா என்றேன். போன வருடம் விலை சொல்லிப் பார்த்தாராம். நாற்பது பேர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், ஒருவர் மட்டும் ஏழு லட்சம் கேட்டார் என்றார். அப்படியானால் பணத்துக்குத் தகுமா என்று கேட்டேன். கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே, "துட்டு போனது போனதுதாம்பா. ஆனா காலையில எழுந்தா இதத்தான் மொதல்ல பாக்கறேன்" என்றார். அவர் சொன்னதில் வருத்தம் இல்லை, அதையும் எழுதுகிறேன்.

அவர் உள்ளே போனபோது காபி கொண்டுவந்த அவர் மனைவி பாக்கியலட்சுமி, "வண்டி வாசக்கேட்டு வரைக்கும் போவும்ணே. அப்பறம் ரிவர்ஸ்ல வந்துடும்" என்றார். கொளஞ்சி என்னைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டது அவருடைய பழைய டி.வி.எஸ். வண்டியில்.

நீ கேட்டதற்குப் பதில் இல்லை என்பதுதான். பாதியல்ல, மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஒளிக்காமல் எழுதிவிட்டேன்.

இனி, யாரிடமும் சொல்லாத ஒன்று. எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. பட்டறைக்கு இழுத்துப் போன அன்று அந்தக் காமியோனெத் டோயிங் வண்டியில் ஏறி லாஸ்பேட்டை வழியாகப் போனது, நான் அதன் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். ஓடாத வண்டி, டயரில் காற்றுகூட இல்லை. ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்கூட்டரில் போன காலேஜ் பிள்ளைகள் கையாட்டினார்கள். இருபத்தாறு வருடத்தில் என்னை மனிதர்கள் தேடியது கரண்ட் போனால் மட்டும்தான், அதுவும் திட்டுவதற்கு. அந்த இருபது நிமிடம் நான் வேறு ஆளாக இருந்தேன். எனக்கு அது இன்னொரு முறை வேண்டும் லினெட். கணக்குப் பார்த்தால் இது முட்டாள்தனம். தெரிந்தேதான் கேட்கிறேன்.

இனிக் கையெழுத்துப் பற்றி நான் பேச மாட்டேன். பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். போடாவிட்டால் அதை அடுப்பில் போட்டுவிடு. ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

அருள்


சாரம்,
20.11.2025

கவி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நாலு முறை படித்தேன். ரோசா அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை.

பொய் சொல்லியிருக்கலாம் நீங்கள். கொளஞ்சிக்கு நல்ல விலை வந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால், கண்டமங்கலம் வரை போய் நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்கே பாதகமானதை உட்கார்ந்து அழகாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இந்த ஆளைத்தான் நான் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நாளாக அவரைக் காணவில்லை, அவ்வளவுதான்.

அந்த வண்டி பதினைந்து லட்சத்துக்குத் தகும் என்று இப்போதும் நான் நம்பவில்லை. கல்யாண போட்டோ, முப்பது லட்சம் எல்லாம் செம்மலின் வாய்ப்பந்தல். ஆனாலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதோடு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காகப் போடவில்லை. அந்த இருபது நிமிடத்தைப் பற்றி எழுதினீர்களே, அதற்காகப் போட்டேன். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவருக்கு இப்படி ஒரு தாகம் இருந்தது எனக்குத் தெரியவில்லை. அது என் தப்பு.

தவணைக்கு என் கேக் பணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு எப்போது வருவேன் என்று கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டதும் பயம் இன்னும் கூடியிருக்கிறது. அது அடங்கியதும் வருகிறேன்.

லினெட்


கருவடிக்குப்பம்,
22.11.2025

அன்பு லினெட்,

உன் பதில் இன்னும் வரவில்லை. பத்திரத்தை அடுப்பில் போட்டிருப்பாய் என்று நம்புகிறேன். போட்டிருந்தால் நல்லது செய்தாய். வேலையை நிறுத்திவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை செம்மல் கூப்பிட்டு, சனிக்கிழமை வண்டியின் அடிச்சட்டத்தை வெட்டி எடுக்கப் போகிறேன், பழைய பேப்பர் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். நம்மிடம் இருப்பது பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவு அட்டை ஒன்றுதான், அவர்கள் சொல்லும் 'கார்த் கிரீஸ்'. அதை நம் ஊர் நம்பருக்கு மாற்றக் கேட்கலாம் என்று நேற்று போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஆதிலட்சுமி என்று ஓர் அலுவலர். அட்டையைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அதில் இருக்கும் எண்ணும் வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன், போட்டோ காட்டினேன். அப்படியானால் பழைய வண்டியாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது, நாளாகும், நடக்கும் என்றார்.

அந்தச் சட்டத்தை மாற்றப் போகிறோம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். "அத வெட்டிட்டீங்கன்னா இந்த நம்பரோட வண்டியே கெடயாது சார். அடியில வேற வண்டி, மேல வேற வண்டி. ரெண்டுல எதையும் நாங்க பதிவு பண்ண முடியாது. வீட்டுக்குள்ள வச்சிப் பாத்துக்கலாம்" என்றார்.

அலுவலக வாசலில் நின்றபோதுதான் கொளஞ்சி ஞாபகம் வந்தார். வெயில் ஏறிவிட்டது என்றாரே, மணி அப்போது ஒன்பதுகூட ஆகவில்லை. போன் போட்டுக் கேட்டேன். ஒத்துக்கொண்டார். அவர் வண்டிக்குப் பேப்பர் கிடையாது. இருபத்திரண்டு லட்சத்து வண்டி மூன்று வருடமாக ரோட்டில் ஏறவே இல்லை. ஒருமுறை மெயின் ரோட்டுக்கு எடுத்து, போலீஸ் பிடித்து, சூளை லாரியில் கட்டி இழுத்துவந்தாராம். வெளியே சொல்ல வெட்கம். அதனால் தினமும் துடைக்கிறார்.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். கட்டிங் மிஷினுக்கு வயர் மாட்டி வைத்திருந்தார்கள். ஒரு நாள் பிந்தியிருந்தால் முடிந்திருக்கும். நிறுத்துங்கள் என்றேன். செம்மலுக்குக் கோபம், பிறகு வருத்தம். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை லினெட், அழகான வண்டி கட்ட வேண்டும் என்று மட்டும் நினைக்கிறார், அது எங்கே ஓடும் என்று யோசிப்பதில்லை. பழைய இன்ஜினையே இறக்கிச் சரிசெய்து, பிரேக், வயரிங், டயர் மட்டும் மாற்றித் தருவதாகப் பேசியிருக்கிறோம். வெளிப்பூச்சில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் நாற்பதாயிரத்துக்குச் செய்ய இருந்ததை வெயில் ஏற்கெனவே இலவசமாகச் செய்து வைத்திருக்கிறது. கொடுத்த பணத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஏ.சி. இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. ஆனால் ரோட்டில் போகும்.

வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. நீ நிம்மதியாக இரு.

அருள்


சாரம்,
25.11.2025

கவி அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை அவசரமாக எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும்.

உங்கள் கடிதம் இன்று வந்தது. படித்து முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரோசா அக்கா பதறி ஓடிவந்தார். யாருக்கு என்னவோ என்று பயந்துவிட்டார். வீடு போகவில்லை அக்கா என்று சொல்லி அழுதேன், அவரும் சேர்ந்து அழுதார். எதற்கு அழுகிறோம் என்று அவருக்கு முழுதாகத் தெரியாது.

அழுது முடித்த பிறகுதான் உறைத்தது. நான் பத்திரத்தை அடுப்பில் போடவில்லை. கையெழுத்துப் போட்டு இருபதாம் தேதி அனுப்பிவிட்டேன். நீங்கள் நிறுத்திவிட்டேன் என்று எழுதுகிற நேரத்தில் என் கடிதம் தபால் பையில் இருந்திருக்கிறது. இந்நேரம் உங்கள் கையில் இருக்கும்.

அதைக் கிழித்துவிடுங்கள். உங்களை நம்பாமல் சொல்லவில்லை. செம்மல் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு ஆசை காட்டத் தெரியும், உங்களுக்கு ஆசைப்படத் தெரியும். அந்தத் தாள் வீட்டில் இருக்கும்வரை எனக்கு மூச்சு சரியாக வராது. கிழித்துவிட்டு இரண்டு வரி எழுதுங்கள், போதும்.

லினெட்


கருவடிக்குப்பம்,
28.11.2025

அன்பு லினெட்,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பத்திரம் வைத்த கடிதம் திங்கள், கிழிக்கச் சொன்ன கடிதம் நேற்று. இடையில் மூன்று நாள் இருக்கிறது. அந்த மூன்று நாளைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் நாம் இத்தனை கடிதம் எழுதியது வீண்.

திங்கட்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து வந்து உறையைப் பிரித்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் அழுதேன். அப்புறம், இப்போது நான் நினைத்தால் எல்லாம் செய்யலாம் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை எடுத்த முடிவெல்லாம் பணம் இல்லாதவன் எடுத்த முடிவு போலத் தெரிந்தது. மறுநாளே செம்மல் வந்தார். எண் அடித்திருக்கும் இரும்புத் துண்டை மட்டும் வெட்டிப் புதுச் சட்டத்தில் வெல்டு வைத்துவிடலாம், கண்டுபிடிக்க முடியாது, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு பைனான்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். பத்திரம் சட்டைப் பையில். டோக்கன் எண் பதினேழு. கலைவாணன் என்ற அதிகாரி பத்திரத்தைப் படித்துவிட்டு, எல்லாம் சரி, மனைவி வரவில்லையே என்றார். உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, "அவங்களுக்கு ஒரு போன் போடுங்க சார். ஸ்பீக்கர்ல சம்மதம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார்.

போனை எடுத்தேன். உன் பெயர் வந்தது, கவி எடுத்த அந்தப் படத்தோடு, நீ மாவுக் கையோடு சிரிக்கிற படம். கிட்டத்தட்ட ஒரு மாதமாக உன் குரலை நான் கேட்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று நீ சொல்லியிருந்தாலும், நான் கூப்பிட்டால் ஏதோ அவசரம் என்று எடுத்துவிடுவாய். எடுத்து, 'சொல்லுங்க' என்பாய். ஒரு மாதம் கழித்து முதன்முதலாக உன் குரல், முன்பின் தெரியாத ஒருவன் மேசையில், ஸ்பீக்கரில், பொய்யான எண்ணுக்காக. என்னால் முடியவில்லை லினெட். கட்டைவிரல் அந்தப் பச்சைப் பொத்தான்மேல் போய் நின்றுவிட்டது. கலைவாணன், டவர் இல்லையா சார் என்று கேட்டார். இல்லை என்று சொல்லிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரை எடுக்கத் தோன்றாமல் கொஞ்ச தூரம் நடந்தேன். மூட்டை இறக்கின மாதிரி இருந்தது.

பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், இரும்புத் துண்டை யாரும் வெட்டக் கூடாது என்று. செம்மல் இந்த முறை கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

நீ கிழிக்கச் சொன்னாய். நான் கிழிக்கவில்லை. கிழித்துவிட்டேன் என்று நான் எழுதினால் நீ நம்ப வேண்டியிருக்கும், இனி நம்பிக்கையை மட்டும் வைத்து உன்னிடம் எதுவும் கேட்க எனக்குத் தகுதி இல்லை. முழுத் தாளையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். பதிவுத் தபால். நீயே என்ன வேண்டுமானாலும் செய்.

அருள்


சாரம்,
1.12.2025

என் அருளுக்கு,

இந்தத் தாளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஆமாம், அதுதான். சம்மதப் பத்திரத்தின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். இவ்வளவு நல்ல தடித்த தாளைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. என் கையெழுத்து இருந்த இடத்தை மட்டும் கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டி எடுத்து, ரோசா அக்கா அடுப்பில் போட்டுவிட்டேன். நடுவில் ஓட்டை இருப்பதால் வரிகள் அங்கங்கே தாண்டிப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமைக் கதையைப் படித்து முதல் ஐந்து நிமிடம் உங்களை அடிக்க வேண்டும்போல் இருந்தது. எனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னதற்கும் சேர்த்து இரண்டு அடி. அதன் பிறகு பெருமூச்சு வந்தது. இந்த மாதம் முழுக்க விடாமல் அடக்கி வைத்திருந்த மூச்சு. வீடு தப்பித்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த மூன்று நாளை நீங்களாகவே எழுதினீர்களே, எனக்கு நிம்மதி வந்தது அதில்தான். நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. வீடு இருந்திருக்கும், நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள்.

ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். புயல் அடித்த வருடம் நாலு நாள் கரண்ட் இல்லாமல் இருந்து, ஐந்தாம் நாள் நம் தெரு டிரான்ஸ்பார்மரில் நீங்கள் ஏறிச் சரிசெய்தபோது, தெருவே வாசலில் நின்று உங்களைத்தான் பார்த்தது. நானும் பார்த்தேன். இறங்கியதும் நேராக வீட்டுக்கு வந்து, சோறு இருக்கா என்று கேட்டீர்கள். யார் பார்த்தார்கள் என்று நீங்கள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். நாம் இருவருமே சொல்லாமல் விட்டது நிறைய.

வண்டி வரட்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் எங்கே போகலாம் என்று நானும் யோசித்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை இன்று தபாலில் போட்டுவிட்டு நாளைக்குக் காலையில் நான் வீட்டுக்கு வருகிறேன். பத்திரம் என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்காதீர்கள், வாயைத் திறக்க மாட்டேன். புதன்கிழமை தபால்காரர் வரும்போது நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள், நானே வாசலுக்குப் போய் வாங்கி வைக்கிறேன். மாலையில் நீங்கள் வந்து கைகால் கழுவியதும் கையில் கொடுக்கிறேன். எதிரில் உட்கார்ந்து படியுங்கள். இத்தனை கடிதத்தையும் நீங்கள் எப்படி முகத்தை வைத்துக்கொண்டு படித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த ஒன்றையாவது நான் பார்க்க வேண்டும்.

லினெட்